சிவப்புக்கு மூன்று நோன்பு

அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்கள் இருக்கின்றன என்பதே சம்சுன்னிசாவுக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. அதுவரை அவளுக்கு அமெரிக்கா என்றால் ஒஹாயோ. ஒஹாயோ என்றால் கொலம்பஸ். கொலம்பஸ் என்றால் ஒரு வீட்டின் இரண்டாவது மாடி, அதன் சமையலறை ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுகிற மகள் அஃப்னா. மற்ற நாற்பத்தொன்பதையும் அவள் தொலைக்காட்சியின் தேர்தல் வரைபடத்தில்தான் பார்த்தாள். சிலவற்றுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள், சிலவற்றுக்கு நீலம். எந்த நிறமும் அடிக்காமல் விட்டிருந்த சிலவற்றை நினைத்துத்தான் உலகமே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

தீவின் வடகோடியில், மார்சிலிங்கில் பதினோராம் மாடி வீடு. சமையலறையிலிருந்து பார்த்தால் ஜலசந்தி தெரியும், அதற்கப்பால் பக்கத்து நாட்டு ஜோகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும். அவள் கணவர் இப்ராஹீம் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகும் பேருந்தை ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு ஆறு தடவை வெளிநாடு போய் வருகிற மனுஷன் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "பாலத்துல இன்னிக்கு ஜாம் லா" என்பதோடு சரி. மழைக்காலத்தில் அந்தக் கரை அப்படியே காணாமல் போகும். வெள்ளையாக ஒன்றுமில்லாத இடமாகக் கிடக்கும். அந்த மாதிரி நேரங்களில் அரிசி களைந்துகொண்டு நிற்கும் சம்சுன்னிசாவுக்கு, மழை விட்டதும் அங்கே ஜோகூருக்குப் பதில் ஒஹாயோ இருந்தால் என்ன என்று தோன்றும். இருக்கும் என்றே கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டிருப்பாள். மழை விடும். ஜோகூர்தான் இருக்கும்.

அஃப்னா உண்டாகியிருந்தாள். தலைப்பிள்ளை. நாகூரிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. எத்தனையோ வழக்கங்கள் வழியிலேயே உதிர்ந்துபோய்விட்டன. ஆனால் தலைப்பிரசவத்துக்குப் பெண் உம்மா வீட்டுக்கு வருவது மட்டும் உதிரவில்லை. சம்சுன்னிசா அதே தீவிலிருக்கும் புக்கிட் மேராவுக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போனாள். அஃப்னா கொலம்பஸிலிருந்து மார்சிலிங்குக்கு வரவேண்டும். தூரம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

"டிசம்பர் கடைசில வந்துடுவேம்மா. ஏழாம் மாசம். அதுக்கு மேல ஃபிளைட்ல ஏத்த மாட்டாங்க. மார்ச்ல டெலிவரி, நாப்பது கழிச்சுட்டுத் திரும்பிடுவேன்" என்று செப்டம்பரிலேயே சொல்லிவிட்டாள்.

திரும்பிடுவேன் என்ற சொல் சம்சுன்னிசாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வருகிறாளே.

அக்டோபரில் ஒரு நாள் பேச்சு தேர்தல் பக்கம் போயிற்று. அஃப்னாவின் கணவன் ஸைஃப் சென்னைப் பையன். வேலை விசாவில் அங்கே இருக்கிறான். அவன் விசாவின் நிழலில்தான் அஃப்னா நிற்கிறாள். சிவப்புக் கட்சிக்காரர் வந்தால் வெளியூர்க்காரர்களுக்குப் பிடி இறுகும் என்று அங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்களாம்.

"அவர் ஜெயிச்சா அவ்வளவுதாம்மா" என்றாள் அஃப்னா, சிரித்துக்கொண்டே. "பெட்டியைக் கட்டிக்கிட்டு மார்சிலிங்குக்கே வந்துட வேண்டியதுதான். என் ரூம் காலியாத்தானே இருக்கு?"

பின்னாலிருந்து ஸைஃபின் குரல் வந்தது. "ஆமா மாமி. நான் உங்க கேண்டீன் கடைல தட்டு கழுவுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சம்சுன்னிசாவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு மகளின் பழைய அறைக்குப் போய் மின்விசிறியை இறக்கித் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் மறுபடி காதில் கேட்டது. வந்துட வேண்டியதுதான். நாற்பது நாளுக்கு இல்லை. ஒரேயடியாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் இப்ராஹீமும் தேக்கா கடைத்தெருவுக்குப் போனார்கள். தீபாவளிக்கு இன்னும் நாலைந்து நாள்தான். சிராங்கூன் சாலையில் விளக்கு வளைவுகளுக்குக் கீழே மனுஷத் தலையாகத் தெரிந்தது. நாட்டு மருந்துக் கடையில் பிரசவ மருந்துக்கென்று சுக்கு, திப்பிலி, ஓமம், பெருங்காயம் என்று ஒவ்வொன்றாக வாங்கினாள். கடைக்காரர் முத்தையா பொட்டலம் கட்டிக்கொண்டே, "மகளுக்கா? எப்ப வராங்க?" என்று கேட்டார். "வந்துடுவா" என்றாள் அவள். அப்படிச் சொல்லும்போது உள்ளே என்னவோ இனித்தது.

அஸர் தொழுகைக்கு டன்லப் ஸ்ட்ரீட் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பெண்கள் பகுதியில் ஏழெட்டுப் பேர்தான். வெளியே முறுக்கு விற்பவரின் குரலும் ஏதோ கடையின் பாட்டும் கலந்து மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தன. தொழுது முடித்துக் கையேந்தினாள். ஏந்திய கையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். பிறகு தனக்கே கேட்காத குரலில் கேட்டுவிட்டாள். யா அல்லாஹ், அந்தச் சிவப்புக்காரரை ஜெயிக்க வை. ஜெயித்தால் உனக்காக மூன்று நோன்பு வைக்கிறேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற இப்ராஹீம், "என்ன இவ்வளவு நேரம்?" என்றார்.

"துஆ கேட்டேன்."

"என்னன்னு?"

"பொதுவாத்தான்."

இந்த உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ நேர்ந்துகொள்கிறார்கள். ஆனால் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஒஹாயோவைப் பார்க்காத, சொந்தத் தொகுதிக்கு நிற்கிறவர்களின் பெயரையே தப்பாகச் சொல்கிற ஒரு பெண், அமெரிக்கத் தேர்தலுக்கு நோன்பு நேர்ந்துகொண்டது அந்தப் பள்ளியின் சுவர்களுக்கும் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

அவளுக்கு மார்சிலிங்கில் ஒரு தொடக்கப் பள்ளியின் கேண்டீனில் கடை. பத்தொன்பது வருஷமாக நடத்துகிறாள். காலை நாலு மணிக்கு எழுந்து, ஐந்தரைக்குள் கேண்டீன் ஷட்டரைத் தூக்கிவிடுவாள். மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ், கோழிச் சோறு, சூப் மீ. எந்தத் தட்டிலும் ஒரு கரண்டி காய், ஒரு துண்டுப் பழம் இருக்க வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். காயைத் தின்னாமல் மேசைக்கடியில் தள்ளுவது பிள்ளைகளின் சட்டம். ஒன்பதரைக்கு முதல் மணி அடித்தால் ஒரு மணி நேரத்துக்கு அவள் கை ஓயாது. பக்கத்துக் கடை ரத்தினம்மாவினுடையது, குடிபானக் கடை. இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். தடுப்புக்கு மேலாகப் பேசிப் பேசியே இத்தனை வருஷமும் ஓடியிருக்கிறது.

முடிவு வரத் தொடங்கியது ஒரு புதன்கிழமை காலையில். தேர்வெல்லாம் முடிந்துவிட்டதால் பிள்ளைகள் காரணமில்லாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரத்தினம்மா போனை பார்லி டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். அதில் அந்த வரைபடம் இருந்தது.

"சம்சு, இங்க பாரு. சேப்பா ஆகிட்டு வருது."

"எவ்வளவு?"

"எனக்கென்ன தெரியும்? துணில சாயம் எறங்கற மாதிரி எறங்குது. உன் மகளுக்கு இது நல்லதா கெட்டதா?"

சம்சுன்னிசா சட்டியில் நூடுல்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "தெரியலக்கா" என்றாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கேண்டீனின் இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. சாரல் மேசைகள் வரை வந்தது. மழைச் சத்தத்தில் பிள்ளைகளின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ரத்தினம்மா போனைத் தூக்கிக் காட்டினாள். அங்கிருந்து பார்க்கும்போது ஒரே சிவப்பு. சம்சுன்னிசாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ எழும்பி நின்றது. அது சந்தோஷம்தான். வேறு பெயர் வைத்து அதை மூடுவதில் பயனில்லை. அன்று கடைசியாக வரிசையில் நின்ற பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டுக் கோழி கூடுதலாக விழுந்தது.

அன்று மாலை அஃப்னா பேசவில்லை. மறுநாளும் குறுஞ்செய்தி மட்டும்தான் வந்தது. சம்சுன்னிசா காத்திருந்தாள். அறையின் திரைச்சீலையைத் துவைத்துப் போட்டாள். ஸைஃப் உயரம், பழைய கட்டிலில் கால் வெளியே நீட்டும், வேறு கட்டில் பார்க்க வேண்டும் என்று இப்ராஹீமிடம் சொன்னாள். அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. அஃப்னாவின் முகம் வீங்கியிருந்தது. அங்கே விடிகாலை. ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத ஒரு மரம் தெரிந்தது.

"உம்மா, நான் டிசம்பர்ல வரலை."

சம்சுன்னிசாவுக்கு முதலில் புரியவில்லை. "முன்னாடியே வரியா?"

"வரவே இல்லைம்மா. ஸைஃப் ஆபீஸ் லாயர் சொல்லிட்டாரு. விசால இருக்கிறவங்க யாரும் இப்ப நாட்டை விட்டு வெளியே போகாதீங்கன்னு. போனா திரும்ப உள்ளே விடுவாங்களான்னு யாருக்கும் தெரியாது. ரூல்ஸ் எப்ப மாறும்னே தெரியல. டிக்கெட் கேன்சல் பண்ணியாச்சு."

"விடலைன்னா என்ன? இங்கயே இருந்துடுங்க. நீதானே சொன்னே."

"என்ன சொன்னேன்?"

"அவர் ஜெயிச்சா பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துட வேண்டியதுதான்னு."

திரையில் அஃப்னா நெற்றியைத் தேய்த்தாள். "அது சும்மா சொல்றதும்மா. இங்க எல்லாரும் சொல்லுவாங்க. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லுவாங்க. யாரும் போக மாட்டாங்க. கிரீன் கார்டுக்கு ஸைஃப் எட்டு வருஷமா க்யூல நிக்கிறாரு. இப்ப விட்டா மறுபடி முதல்லேருந்து. அவர் தோத்திருந்தா நான் நிம்மதியா வந்துட்டுப் போயிருப்பேன். இப்ப அசையக்கூட முடியாது."

இப்ராஹீம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். உதைக்கிறது என்றாள் அஃப்னா. அதைச் சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

போனை வைத்த பிறகு சம்சுன்னிசா சமையலறை ஜன்னலில் போய் நின்றாள். அன்று மழையில்லை. ஜோகூரில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியிருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. அப்படியே, ஒரு எழுத்து குறையாமல் கிடைத்துவிட்டது. அதனால்தான் மகள் வரப்போவதில்லை. மகளை அனுப்பு என்று கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும். அதற்கு வழி எது என்று அல்லாஹ்வுக்கே சொல்லிக்கொடுக்கப் போனது யார்?

இப்ராஹீம் பக்கத்தில் வந்து நின்றார். "மார்ச்ல நீ அங்க போயேன்."

"தலைப்பிரசவத்துக்கு உம்மா மருமகன் வீட்டுக்குப் போறதா? சனங்க என்ன சொல்லும்?"

"சனத்துல பாதிப் பேர் துபாய்ல இருக்காங்க. யார் கேக்கப் போறா?"

"கடை? மார்ச்ல ஸ்கூல் நடக்கும். ரெண்டு மாசம் பூட்டினா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடற பேப்பரே வந்துடுச்சு."

"ம்."

"அப்புறம் அந்த ஏர்போர்ட். என்னோட இங்கிலீஷ். இந்த முக்காடு. உள்ளே விடுவானா?"

அதற்கு அவரிடம் தொழில் முறையில் பதில் இருந்தது. "கவுண்டர்ல உக்காந்திருக்கிறவன் மூடைப் பொறுத்தது. நான் தெனம் பாக்கிறேன்ல" என்றார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

நேர்ச்சை நேர்ச்சைதான். காரியம் நடந்துவிட்டால் நிறைவேற்றியே தீர வேண்டும். நடந்த காரியம் நம் தலையில் கல்லைப் போட்டாலும் தீர வேண்டும். திங்கட்கிழமை நாலு மணிக்கு எழுந்து, இரண்டு வாய் சோறு தின்று, ஒரு குவளைத் தண்ணீர் குடித்து, நோன்பு வைக்கிறேன் என்று நிய்யத் சொன்னாள். வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. எதற்கு இந்த நன்றி என்று அவளுக்கே விளங்கவில்லை.

அடுப்பு முன்னால் நோன்பு என்பது வேறு உலகம். பத்து மணிக்கு மேல் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பதினொன்றுக்கு ஆவிக்குள்ளிருந்து முகங்கள் மட்டும் வரும். தட்டை நீட்டும் சின்னக் கைகள், ஒன்றுபோலவே நூறு கைகள். அவளை அத்தை என்று மலாயில் கூப்பிடும் குரல்கள். மாக்சிக், மீ. மாக்சிக், மிளகாய் வேண்டாம். எல்லாச் சத்தமும் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலிருந்தது. வரிசையில் இரட்டைப் பின்னலோடு அஃப்னா நிற்கிறாள் என்று அன்று இரண்டு தடவை நினைத்துவிட்டாள். அவளும் இதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள், இதே வரிசையில் நின்றுதான் சாப்பிட்டாள். உம்மா கடையென்று ஒருநாளும் முன்னால் வந்ததில்லை.

ரத்தினம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். ரமலான் மாதம் முழுக்க சம்சுன்னிசாவின் குழம்புக்கு உப்புப் பார்ப்பது அவள்தான். பத்தொன்பது வருஷப் பழக்கம். தடுப்புக்கு மேலாகக் கரண்டி நீண்டதும் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"இது எந்த மாசத்து நோன்பு? ரமலானுக்கு இன்னும் மூணு நாலு மாசம் கிடக்கே."

"நேர்ச்சை."

"அஃப்னாவுக்கா?"

சம்சுன்னிசா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். ரத்தினம்மா ஆமாம் என்று எடுத்துக்கொண்டு உப்பு சரி என்றாள். மதியத்துக்குள் அலுவலகத்திலிருந்து துப்புரவு ஆட்கள் வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மலாய் டீச்சர் ஒருத்தி வந்து கையைப் பிடித்து, உங்களை மாதிரி அம்மா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சம்சுன்னிசாவுக்கு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கடையைக் கழுவி முடித்த பிறகு அதற்கு மேல் தாங்கவில்லை. ரத்தினம்மா மேசையில் உட்கார்ந்து காய்ந்த கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டியே."

"சொல்லு."

"இது அஃப்னாவுக்காக வைக்கிற நோன்பு இல்லை. அந்தச் சிவப்பு ஆள் ஜெயிக்கணும்னு நேர்ந்துக்கிட்டேன்."

ரத்தினம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்டி?"

"அவர் ஜெயிச்சா வந்துடுவோம்னு அவ சொன்னா. நான் நெஜம்னு நினைச்சுட்டேன்."

ரத்தினம்மாவின் வாய் கோணியது. சிரிப்பா என்று தெரியவில்லை. "சாமிகிட்ட கேக்கறப்ப ஆர்டர் கரெக்டா குடுக்கணும்லா. குடிக்க மைலோ வேணும்னா மைலோன்னு கேளு. மாடு வாங்கு, பால் கற, அடுப்பை மூட்டுன்னு நாம ஏன் சொல்லிக்கிட்டிருக்கணும்?"

"அதைத்தான் நானும் நாலு நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"அதுக்கு ஏன் இன்னும் பட்டினி கிடக்கிறே? விட்டுடேன்."

"எப்படி விடறது? கேட்டேன், குடுத்தான். எனக்கு ஒத்துக்கலைன்னு திருப்பிக் குடுக்க முடியுமா?"

ரத்தினம்மா அடுத்த கரண்டியை எடுத்தாள். மைனா ஒன்று மேசைக்கு மேசை தாவிச் சிதறிய நூடுல்ஸைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"உன் ஒரு நேர்ச்சைக்காகவா அங்க அத்தனை கோடிப் பேர் ஓட்டுப் போட்டாங்க?" என்றாள் ரத்தினம்மா. "மனசை அலட்டிக்காதே. ஆனா ஒண்ணு. இதைப் போய் அஃப்னாகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவ வயித்துப் பிள்ளையோட இருக்கா. தெரியாம இருக்கிறதுல யாருக்கும் நஷ்டமில்லை."

நல்ல யோசனைதான். சம்சுன்னிசாவும் அப்படியே இருந்துவிட நினைத்தாள்.

மூன்றாவது நாள் நோன்பு திறக்கும் நேரம். இப்ராஹீமுக்கு மாலை ஷிஃப்ட், வீட்டில் அவள் மட்டும். மேசையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் எடுத்து வைத்துவிட்டு, மலாய் வானொலியில் பாங்கு சொல்வதற்காகக் காத்திருந்தாள். உடம்பு லேசாகிவிட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வானமும் நீரும் ஒரே நிறத்தில் கிடந்தன. இன்னும் பத்து நிமிஷம். அப்போது போன் வந்தது.

அஃப்னா படுத்திருந்தாள். அங்கே இன்னும் விடியவில்லை. விளக்கைப் போட்டிருந்தாள்.

"தூக்கம் வரலைம்மா. வாப்பா சொன்னாங்க, எனக்காக மூணு நாளா நோன்பு வெக்கிறியாமே. அந்த அடுப்புச் சூட்டுல."

"அது கெடக்கட்டும். நீ சாப்பிட்டியா?"

"ஸைஃப்கிட்ட சொன்னேன். அவர் கண்ணு கலங்கிட்டாரு. இங்க எல்லாரும் பயந்து போய்க் கெடக்கோம்மா. ஆனா அங்க உம்மா எனக்காகப் பசியோட இருக்காங்கன்னு நினைச்சா தைரியமா இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு—"

"அஃப்னா, நிறுத்து."

"என்னம்மா?"

"உனக்காக இல்லை. அந்தச் சிவப்பு ஆள் ஜெயிச்சா மூணு நோன்பு வைக்கிறேன்னு தேர்தலுக்கு முன்னாடியே நேர்ந்துக்கிட்டேன். அவர் ஜெயிச்சா நீங்க இங்க வந்துடுவீங்கன்னு. அதான் வைக்கிறேன்."

அஃப்னா எழுந்து உட்கார்ந்தாள். போன் ஆடியது, ஒரு நிமிஷம் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு முகம் வந்தது.

"யார் ஜெயிச்சுடக் கூடாதுன்னு நாங்க பயந்துக்கிட்டிருந்தோமோ, அவருக்காக நீ அங்க உக்காந்து துஆ கேட்டியா?"

"நீ வரணும்னுதான்."

"நீ வரணும், நீ வரணும். என் வீடு இங்கதாம்மா. ஒம்போது வருஷம் ஆச்சு. கீழ் வீட்டு ரோஸா அக்கா தெரியும்ல, எனக்குச் சூப் செஞ்சு குடுப்பாங்களே? மெக்சிகோக்காரங்க. அவங்க கணவருக்கு இங்க இருக்கப் பேப்பர் கிடையாது. ஜெயிச்ச அன்னிக்கு அவங்க மூணு பிள்ளைகளையும் ஸ்கூலுக்கு அனுப்பலை. பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சிருக்காங்க. அதுக்கு நீ நோன்பு வெக்கிறியா?"

சம்சுன்னிசா போனை முகத்துக்கருகே கொண்டுவந்தாள்.  ரோஸா என்ற பெயரை நூறு தடவை கேட்டிருக்கிறாள். கையேந்தியபோது அந்தப் பெயர் நினைவுக்கு வரவேயில்லை. யாருடைய பெயரும் வரவில்லை. ஐம்பது மாநிலத்திலும் ஒரே ஒரு ஜன்னலை மட்டும்தான் அவள் பார்த்தாள்.

"எனக்குத் தோணவே இல்லடி" என்றாள்.

போன் அணைந்தது.

வானொலியில் பாங்கு சொன்னார்கள். முடிந்தது. அடுத்து ஏதோ பேச்சு, பிறகு பாட்டு. அவள் கை மேசையின் மேலேயே கிடந்தது. எதிர்க்கரை விளக்குகள் நீருக்குள் நீளமாக இறங்கி ஆடின. பசி போய்விட்டது. தாகமும் போய்விட்டது. மகளின் அறை வாசல் இருட்டாக இருந்தது, துவைத்த திரைச்சீலை அசைந்தது. தனக்குப் பெண்ணே பிறக்கவில்லை, இந்த வீட்டில் எப்போதும் தனியாகத்தான் இருந்தோம் என்பது போல ஒரு நினைப்பு வந்தது. யா அல்லாஹ் என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். இன்னொன்று கேட்கப் பயமாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்து மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை படம் இல்லை, குரல் மட்டும்.

"நோன்பு தொறந்தியா?"

"இல்லை."

"பாங்கு சொல்லி அரை மணி ஆச்சு. முதல்ல தண்ணி குடி."

"குடிக்கிறேன்."

குடிக்கவில்லை. அஃப்னாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.  எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. இங்கேயா அங்கேயா என்று தெரியவில்லை.

"உம்மா."

"சொல்லுமா."

"நான் எல்லார்கிட்டயும் ஓகே ஓகேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். ஸைஃப்கிட்டயும். ஆனா எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. வலி வர்றப்ப நீ பக்கத்துல இல்லாம எப்படி இருக்கும்னு நினைச்சுக்கூடப் பாக்க முடியல."

"நான் வர்றேன்."

"கடை?"

"பேப்பர்ல கையெழுத்துப் போடலை. போட மாட்டேன்."

"பத்தொன்பது வருஷம்மா."

"கோழிச் சோறு போட ஆயிரம் பேர் வருவாங்க. மருந்தெல்லாம் வாங்கி வெச்சிருக்கேன், எடுத்துக்கிட்டு வர்றேன். அந்த ரோஸாவுக்கும் சேர்த்து நான் ஆக்கிப் போடறேன். என்ன பேசறதுன்னு தெரியாது. ஆக்கிப் போடறேன்."

அஃப்னா மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "ஏர்போர்ட்ல உன்னை உள்ளே விடலைன்னா என்னம்மா பண்ணுவே? நெஜமாவே விடாம திருப்பி அனுப்புறாங்கம்மா."

சம்சுன்னிசா யோசித்தாள். இப்ராஹீம் சொன்ன கவுண்டரும், அதில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆளும், அவன் மூடும் கண்முன் வந்தன.

"விடலைன்னா அந்த வாசல்லயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன்" என்றாள். "நீ உள்ளே இருப்பே. நான் வெளியே இருப்பேன். அந்தக் கொஞ்ச நேரமாவது ஒரே ஊர்ல இருப்போம்ல."

 அந்தப் பக்கமிருந்து அழுகிற சத்தம் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே சம்சுன்னிசா தம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள்.